மஞ்சளா, இளஞ்சிவப்பா: மாவுப்பூச்சியைப் பிரித்தறிய நான் வாங்கிய பத்து மடங்கு லென்ஸ்

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் குச்சிக்கிழங்கும் (மரவள்ளி), வாய்க்கால் ஓரத்தில் 40 பப்பாளி மரங்களும் இருக்கின்றன. இரண்டிலும் மாவுப்பூச்சி வருகிறது. இரண்டிலும் வருவது ஒரே பூச்சிதானா என்பதைத் தெரிந்துகொள்வதற்காகவே அடுத்தடுத்து மூன்று கருவிகளை வாங்கினேன். முதல் இரண்டும் வீட்டு அலமாரியில் கிடக்கின்றன. மூன்றாவதாக வாங்கியது, மூன்று கண்ணாடிகளை ஒன்றாக ஒட்டிச் செய்த, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ். அது இரண்டு பருவமாக என் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. கல்லூரிகளுக்கு ஆய்வகப் பொருள் விற்கும் கோவைக் கடை ஒன்றில் 1,450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். குச்சிக்கிழங்கு, பப்பாளி, மல்பெரி, பருத்தி வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம் என்பது என் கருத்து. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் வாங்கினால் இந்த லென்ஸும் வெறும் கண்ணாடிதான் என்பதால், பொருளைப் பற்றி எழுதும்போதே பூச்சியைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

வெள்ளையாக மாவு பூசிக்கொண்டு கொழுந்தில் ஒட்டியிருப்பதை எல்லாம் மாவுப்பூச்சி என்ற ஒரே பெயரில் அழைத்து, ஒரே மருந்தை அடிப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மருந்துக் கடையிலும் எந்த மாவுப்பூச்சி என்று யாரும் கேட்பதில்லை. ஒரு முறை பூச்சி ஒட்டிய இலையையே கொண்டுபோய்க் காட்டினேன்; கடைக்காரர் இலையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தார். அந்த மருந்து பூச்சியின் மேலிருக்கும் மெழுகில் வழிந்து இறங்கியது. பூச்சியின் உடலில் முட்டையிட்டு அதை அடக்கக்கூடிய குளவிகளையோ முதல் தெளிப்பிலேயே அழித்தது. இது நடந்து மூன்று வாரத்தில் பூச்சி முன்பைவிட அதிகமானது. அதற்குப் பிறகுதான், அடிக்கும் முன் இன்னது என்று அறிந்துகொள்ள வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு வந்தது.

இந்தப் பிடிவாதத்துக்குக் கொங்கு நாட்டிலேயே தக்க காரணம் உண்டு. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2008-இல், கோவையில்தான். அங்கிருந்து திருப்பூர், ஈரோடு என்று பரவி, பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, குச்சிக்கிழங்கு, பருத்தி எல்லாவற்றிலும் ஏறியது. பட்டுப்புழு வளர்த்தவர்கள் இலைக்கு மருந்தும் அடிக்க முடியாமல், பூச்சி பிடித்த இலையைப் புழுவுக்குப் போடவும் முடியாமல் தவித்தார்கள். மருந்தால் அடங்காத அந்தப் பூச்சியை அடக்கியது, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே என்னும், ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத மஞ்சள் நிற ஒட்டுண்ணிக் குளவி. குச்சிக்கிழங்குக்கே உரிய இன்னொரு மாவுப்பூச்சி தென்னமெரிக்காவில் தோன்றியது. 1970-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைச் சூறையாடியது. 2020-இல் கேரளத்துத் திருச்சூரில் தென்பட்டு, விரைவிலேயே எங்கள் நாமக்கல், சேலம் பக்கத்துக் குச்சிக்கிழங்குக் காடுகளுக்கும் வந்துவிட்டது. அதை அடக்குவது அனகைரஸ் லோபெசி என்னும் வேறொரு குளவி. ஆப்பிரிக்காவிலுள்ள பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்த அந்தக் குளவி, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. முன்னதன் குளவி பின்னதற்கு உதவாது, பின்னதன் குளவி முன்னதற்கு உதவாது. ஆகவே காட்டில் இருப்பது எது என்று தெரியாதவர் எந்தக் குளவியைக் கேட்டு வாங்குவார்?

இனி கருவிகளுக்கு வருகிறேன். முதலாவது, இணையத்தில் 180 ரூபாய்க்குக் கிடைத்த லென்ஸ். நகை ஆசாரிகள் கண்ணில் வைத்துப் பார்க்கும் லூப் போல மடங்கி விரியும். கைப்பிடியில் '40 எக்ஸ் 25 எம்எம்' என்று பொறித்திருந்தது. நாற்பது மடங்கு பெரிதாக்கும் என்பது முதல் எண்ணின் பொருள். கண்ணாடியின் விட்டம் 25 மில்லிமீட்டர் என்பது இரண்டாவது. இவ்விரண்டும் ஒரே ஒற்றைக் கண்ணாடியில் சேர்ந்திருக்க முடியாது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கைலென்ஸின் உருப்பெருக்கம், 250 மில்லிமீட்டரை அதன் குவிதூரத்தால் வகுத்தால் கிடைக்கும் ஈவு. நாற்பது மடங்கு வேண்டுமானால் குவிதூரம் ஆறேகால் மில்லிமீட்டராக இருக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடியை முழுக் கோலிக்குண்டாகவே உருட்டி வைத்தாலும், அதன் குவிதூரம் ஏறக்குறைய 19 மில்லிமீட்டருக்குக் குறையாது. பதின்மூன்று மடங்கைத் தாண்டாது. சன்னல் வெளிச்சத்தைச் சுவரில் விழவைத்து, பிம்பம் தெளியும் தூரத்தை அளவுகோலால் அளந்தேன். ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் வந்தது. நாற்பது என்று எழுதி விற்ற பொருள் உண்மையில் பதினொரு மடங்குதான். விற்றவருக்கு எழுதினேன், பதில் வரவில்லை. லென்ஸ் வாங்குபவர் யாராக இருந்தாலும் இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்து பார்க்கலாம், இரண்டு நிமிட வேலைதான். வெயிலை மட்டும் குவிக்க வேண்டாம், கை சுடும்.

பதினொரு மடங்கே மாவுப்பூச்சிக்குப் போதும் என்பதால், பொய்யான எண்ணைக்கூட நான் மன்னித்திருப்பேன். மன்னிக்க முடியாதது அதன் நிறப்பிறழ்ச்சி. மலிவான ஒற்றைக் கண்ணாடி ஒளியைப் பிரித்துவிடுவதால், வெள்ளைப் பொருளின் விளிம்பில் ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் ஊதாவுமாகச் சாயம் படர்ந்து தெரியும். வேறு வேலைகளுக்கு அது பெரிய குறையில்லை. மாவுப்பூச்சி பார்ப்பவருக்கோ அதுதான் முழுக் குறை. பப்பாளி மாவுப்பூச்சியின் உடல் மஞ்சள். குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சியின் உடல் இளஞ்சிவப்பு. மேலே படிந்த வெள்ளை மெழுகின் வழியே அந்த நிறம் லேசாகத் தெரிவதே முதல் அடையாளம். லென்ஸ் தானே நிறம் பூசிக் காட்டினால் அந்த அடையாளத்தை எப்படி நம்புவது? அந்த லென்ஸில் ஒரே பூச்சி, பிடிக்கும் கோணத்துக்கு ஏற்ப இரண்டு இனமாகவும் தெரிந்தது.

இரண்டாவது கருவி, விளக்கு பொருத்திய அறுபது மடங்கு சட்டைப்பை நுண்ணோக்கி. அதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. வெள்ளை மெழுகில் விளக்கொளி பட்டுக் கண் கூசுகிறது. காற்றில் ஆடும் கொழுந்தில் குவியம் ஒரு நொடிகூட நிற்பதில்லை. இலையைக் கிள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பார்ப்பதற்கு மட்டும் ஆகும்.

மூன்றாவதாக வந்த, மூன்று கண்ணாடி ஒட்டிய பத்து மடங்கு ட்ரிப்லெட் லென்ஸில் விட்டம் 18 மில்லிமீட்டர்தான். சிறியதாக இருக்கிறதே என்று முதலில் தோன்றும். கண்ணுக்கு மிக அருகில், கன்னத்தில் கை ஊன்றிப் பிடித்துக்கொண்டு, இலையை லென்ஸை நோக்கிக் கொண்டுவந்தால் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் படம் தெளிகிறது. லென்ஸை இலைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு தலையை தூரத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு எந்த லென்ஸும் தெளிவாகத் தெரியாது. எங்கள் ஊரில் அதை என்னிடம் வாங்கிப் பார்த்த ஐந்து பேரில் நால்வர் அப்படித்தான் பிடித்தார்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால் மெழுகு கூசாது. காலை எட்டு மணி வெயில் மிகப் பொருத்தம். விளிம்பிலிருந்து விளிம்பு வரை நிறம் கலங்காமல், வெள்ளை வெள்ளையாகவே தெரிகிறது. கொடுத்த பணம் இதற்குத்தான்.

இதன் அருமை எனக்குத் தெரிந்த நாளைச் சொல்ல வேண்டும். ஆடி மாதக் கடைசியில் எங்கள் பெரியப்பா வாய்க்கால் ஓரத்துப் பப்பாளி இலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டு வந்தார். "ஏங்கண்ணு, வெள்ளைக்கு நடுவுல செவப்பா இருக்குது பாரு. குச்சிக்கெழங்குப் பூச்சி பப்பாளிக்கும் ஏறிருச்சு" என்றார். வெறுங்கண்ணுக்கு அவர் சொன்னது சரியாகவே இருந்தது. நரம்பை ஒட்டி மஞ்சள் பூச்சிகள் அடர்ந்திருக்க, அவற்றுக்கிடையே இளஞ்சிவப்பாகச் சில புள்ளிகள் தெரிந்தன. லென்ஸை வைத்துப் பார்த்தபோதுதான் அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் பஞ்சு நூலால் பின்னியது போன்ற, நீண்டு ஒடுங்கிய சிறு கூட்டுக்குள் படுத்திருப்பது தெரிந்தது. அகன்ற, முட்டை வடிவப் பெண் பூச்சியின் உடலமைப்பு அதற்கு இல்லை. ஒரு கூட்டின் வாயில் திறந்திருந்தது. பக்கத்திலேயே ஒரு ஜோடிச் சிறகும் பின்புறம் இரண்டு மெழுகு இழைகளும் உடைய, ஒரு மில்லிமீட்டர் அளவான பூச்சி நடந்துகொண்டிருந்தது. அவை பப்பாளி மாவுப்பூச்சியின் ஆண்கள். அந்த இனத்தில் ஆண், கூட்டுக்குள் இருக்கும் பருவத்தில் இளஞ்சிவப்பாக மாறிவிடும். "இல்லீங் பெரியப்பா, நீங்களே பாருங்க, இது அதே பூச்சியோட ஆணுங்க" என்று லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "றெக்கை இருக்குதே" என்று மட்டும் சொன்னார்.

நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதை அந்த இலை எனக்குக் காட்டியது. இன்னொரு வாய்ப்பான அடையாளத்தையும் அதுவே காட்டித் தந்தது. குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சியில் ஆண் கிடையாது; பெண்ணே சேர்க்கையில்லாமல் முட்டையிட்டுப் பெண்களையே பெறுகிறது. ஆகவே ஒரு கூட்டத்தில் ஆண் கூடுகள் இருக்கின்றன என்றால், அங்கே வேறொரு மாவுப்பூச்சியும் நிச்சயமாக இருக்கிறது. ஆண் கூடு இல்லாததை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது; இருந்தால் முடிவு செய்யலாம். வேறெந்த அடையாளத்தைவிடவும் இதை நான் அதிகமாகப் பயன்படுத்துகிறேன்.

குச்சிக்கிழங்கில் மாவுப்பூச்சி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கே உரிய பூச்சி கொழுந்தின் நுனியைத் தேடிப் போகும். சாற்றை உறிஞ்சும்போது அது விடும் நச்சால் கணுக்கள் குறுகி, நுனி இலைகள் முட்டைக்கோஸ் போலச் சுருண்டு கொத்தாகிவிடும்; தண்டும் முறுக்கிக்கொள்ளும். அந்தக் கொத்தைப் பிரித்து லென்ஸில் பார்த்தால், உடல் ஓரத்து மெழுகு இழைகள் மிகக் குட்டையாக, வால் என்று சொல்லும்படி எதுவும் இல்லாமல், இளஞ்சிவப்பு உடலில் மாவு தூவியது போல இருக்கும். பப்பாளி மாவுப்பூச்சி குச்சிக்கிழங்கில் ஏறினால் இலையின் அடிப்பக்கத்து நரம்பு நெடுகப் பரவுகிறது. அதன் பெண் இரண்டு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் நீளம் உடையது. ஓரத்தைச் சுற்றிலும் குட்டையான வெள்ளை இழைகள் வரிசையாக இருக்கும். அடியிலிருந்து பின்னே நீளும் முட்டைப் பை, உடலைப்போல மூன்று நான்கு மடங்கு நீளம்கூடப் போகும்.

வேறு இரண்டு மாவுப்பூச்சிகளும் எங்கள் பக்கம் உண்டு. அவற்றைப் பிரிப்பதற்கு இவ்வளவு பாடில்லை. முதுகில் நெடுக இரண்டு கரும்பட்டைகளும், பின்னால் இரண்டு நீண்ட வால்களும், உடல் முழுதும் கண்ணாடி இழை போன்ற முடிகளும் இருந்தால் அது கொய்யாவில் அடிக்கடி காணும் வரி மாவுப்பூச்சி. முதுகில் இணை இணையாகக் கரும்புள்ளிகள் இருந்தால் பருத்தி மாவுப்பூச்சி. வரப்புத் துத்திச் செடியிலும் வீட்டுச் செம்பருத்தியிலும் பின்னதை நான் பார்த்திருக்கிறேன். இவற்றுக்குப் பத்து மடங்குகூட வேண்டாம், பார்வை நல்ல இளைஞர்கள் வெறுங்கண்ணாலேயே சொல்லிவிடலாம்.

லென்ஸ் எனக்குச் செய்த மிகப் பெரிய உதவி வேறொன்று. மாவுப்பூச்சியே அல்லாத ஒன்றை மாவுப்பூச்சி என்று நினைத்து நான் பல ஆண்டுகளாக நசுக்கிவந்தேன். உடலெங்கும் நீண்ட வெள்ளை மெழுகுக் குஞ்சங்களோடு, மற்றவற்றைவிட மூன்று நான்கு மடங்கு பெரிதாக ஒரு பூச்சி அந்தக் கூட்டத்துக்குள்ளேயே திரியும். தாய்ப்பூச்சி என்று எங்கள் வீட்டில் பெயர் வைத்திருந்தோம். கண்டால் முதலில் அதைத்தான் நசுக்குவோம். லென்ஸில் வைத்துத் திருப்பிப் பார்த்தபோது அடியில் மூன்று ஜோடிக் கால்களும், முன்னால் கடித்துத் தின்னும் வாயும் தெரிந்தன. சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சிக்கு ஊசி போன்ற வாய்தான் உண்டு. இது கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-இலேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டினம் அது. மாவுப்பூச்சியையும் அதன் முட்டையையும் தின்றே வளர்கிறது. மாவுப்பூச்சி நகரவே சோம்பும்; இந்தப் புழு விரலால் தொட்டால் விறுவிறுவென்று ஓடும். இதை அறியாமல் நசுக்கிய நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. இந்தப் பத்தியை மட்டுமாவது வீட்டில் உள்ளவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

மற்றொன்று, செத்த பூச்சியைப் படிப்பது. குளவி முட்டையிட்ட மாவுப்பூச்சி வெண்மை குறைந்து, தடித்து உருண்டு, பழுப்பான ஓடாகிவிடும். லென்ஸில் அந்த ஓட்டின் ஒரு முனையில் ஊசியால் குத்தியது போல ஒழுங்கான வட்டத் துளை தெரிந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். துளை இல்லாமல் தடித்திருந்தால் குளவி இன்னும் உள்ளே இருக்கிறது. மருந்தில் செத்த பூச்சி சுருங்கி வற்றிக் கிடக்கும். தடிக்காது, துளையும் இருக்காது. இப்போது வாரம் ஒரு முறை, மூலைக்கு இரண்டும் நடுவில் இரண்டுமாகப் பத்துச் செடிகளின் கொழுந்தைப் பிரித்துப் பார்க்கிறேன். பழுப்பு ஓடுகள் கூடிக்கொண்டே போனால் தெளிப்பானைத் தொடுவதில்லை. சென்ற பருவத்தில் குச்சிக்கிழங்குக்கு ஒரு தெளிப்புகூடச் செய்யவில்லை. கொத்தான நுனிகளை மட்டும் கிள்ளி எரித்தோம். அடுத்த நடவுக்கான தண்டுத் துண்டை, அதாவது கரணையை, பூச்சியில்லாத செடிகளிலிருந்து மட்டும் வெட்டினோம். பூச்சி ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் கரணை வழியாகத்தான் என்பதால், முள்ளுவாடி ரகக் கரணை வாங்க வந்தவரிடமும் கணு கணுவாக லென்ஸில் காட்டித்தான் கொடுத்தேன்.

இந்த லென்ஸால் முடியாததையும் சொல்ல வேண்டும். இனப் பெயரை உறுதியாகச் சொல்வது இதன் வேலை அன்று. அதற்கு முதிர்ந்த பெண் பூச்சியின் மெழுகை நீக்கி, உடலைத் தெளியவைத்து, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் பதித்து, பெரிய நுண்ணோக்கியில் உணர்கொம்பின் கணுக்களையும் உடலோரத்து மெழுகுச் சுரப்பிக் கூட்டங்களையும் எண்ண வேண்டும். குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சிக்கு அந்தக் கூட்டங்கள் 18 ஜோடி. காட்டில் நின்று எண்ணக்கூடியவை அல்ல அவை. சந்தேகம் வந்தால் சிறு புட்டியில் 80 சதவீத ஆல்கஹாலில் பூச்சிகளைப் போட்டு மூடி, எந்தச் செடி, எந்த ஊர், எந்தத் தேதி என்று பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளேயே போட்டு, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறைக்கோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோகலாம். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும், பென்சில்தான் நிற்கும். அந்தப் புட்டியே ஒரு செய்தி சொல்லும்: பப்பாளி மாவுப்பூச்சி ஒன்றிரண்டு நாளில் நீலங்கலந்த கறுப்பாக மாறிவிடும். நான் போட்டு வைத்தவை இரண்டாம் நாள் காலையில் நாவல் பழத் தோல் நிறத்துக்கு வந்திருந்தன.

பொருளாகப் பார்த்தால் குறைகள் இரண்டு. லென்ஸும் உறையும் சேருமிடத்துத் திருகாணி மூன்று மாதத்தில் தளர்ந்து, லென்ஸ் தானாக வெளியே விழத் தொடங்கியது. கடைக்காரர் இலவசமாக இறுக்கிக் கொடுத்தார், ஆனால் அதற்காகக் கோவை வரை போய் வர வேண்டியிருந்தது. அளவுகோல் எதுவும் கண்ணாடியில் பொறிக்கப்படவில்லை. அதனால் மில்லிமீட்டர் கட்டம் போட்ட வரைபடத் தாளில் இரண்டு விரல் அகலத்துக்குக் கத்தரித்து உறைக்குள் மடித்து வைத்திருக்கிறேன்; பூச்சியை அதன்மேல் தட்டிப் பார்த்தால் நீளம் தெரிந்துவிடும். கழுத்தில் மாட்டக் கயிறு வராததால் கறுப்புக் கயிறு ஒன்றை நானே கட்டினேன். மாவுப்பூச்சியின் தேன் கழிவு கண்ணாடியில் பட்டால் பிசுபிசுத்து, தூசி ஒட்டிக்கொள்ளும். வேட்டி நுனியால் துடைத்தால் கீறல் விழும் என்பதால், முதலில் ஊதி, பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, பழைய மூக்குக் கண்ணாடித் துணியால் ஒற்றி எடுக்கிறேன். இரண்டு பருவம் கழிந்தும் கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லை.